வகுக்காமல் மீதி

என் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தபோது எண்கள்தான் அதிகமாக அடிபட்டிருக்கின்றன என்றார் மருத்துவர். சொற்கள் மெல்ல மெல்லத் திரும்பி வந்தன. தண்ணி, பசி, வலி, ஃபேன். ஒரு நாள் காலையில் மதினியின் பெயரும் வந்துவிட்டது. எண்கள் மட்டும் வரிசை குலைந்து வந்தன. மூன்றுக்கு அடுத்து ஏழு என்பார். மணி என்ன என்று கேட்டால், சுவர்க் கடிகாரத்தை நேராகப் பார்த்துக்கொண்டே பதினேழு என்பார். தேனியிலிருந்து பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வருவார். அவர் விரல்களை விரித்துக் காட்டி, "இது எத்தனை சார்?" என்று கேட்கும்போதே மதினி எழுந்து சமையலறைக்குள் போய்விடுவார். எனக்கு அப்படி எழுந்து போகத் தெரியவில்லை. உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அண்ணன் அந்த விரல்களை உற்றுப் பார்ப்பார், வாயைத் திறப்பார், பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

வேறு யாருக்கு எண் போயிருந்தாலும் எனக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது. எங்கள் அண்ணன் எண்ணிலேயே குடியிருந்த ஆள். போடியில் ஒரு சின்னப் பட்டறை வைத்திருந்தார். மலைமேல் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர்களுக்குக் கட்டுப்பாட்டு போர்டு செய்து கொடுப்பதுதான் தொழில். பச்சைக் காயைத் தட்டுகளில் பரப்பி உள்ளே ஏற்றிய பிறகு, சூடு எவ்வளவு, ஈரம் எவ்வளவு, விசிறி ஓடுகிறதா என்று அந்த போர்டுதான் பார்த்துக்கொள்ளும். சூடு கொஞ்சம் ஏறினாலும் காயின் பச்சை நிறம் போய்விடும். நிறம் போன காயை ஏலத்தில் யாரும் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள். அதனால் போர்டு தப்பு செய்யக் கூடாது. போர்டுக்குள் ஓடும் நிரலை, அதாவது புரோகிராமை, எழுதியவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான், அவரும் நானும்.

அவர் உள்ளே முழுதாக இருக்கிறாரா, வெளியே வருகிற வழி மட்டும்தான் அடைபட்டிருக்கிறதா, அல்லது உள்ளேயே ஆள் குறைந்துபோய்விட்டாரா? வீட்டில் எல்லோர் மனதிலும் இந்த ஒரு கேள்விதான் ஓடியது. யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. மருத்துவரிடம் மதினி ஒருமுறை கேட்கப் போய், பாதியில் மாத்திரையைப் பற்றிக் கேட்டுவிட்டு வந்துவிட்டார்.

நான் கல்லூரி முடித்துவிட்டு, வேலை கிடைக்காமல் வீட்டில் தண்டச்சோறு தின்றுகொண்டிருந்த காலத்தில் அந்த நிரலை எழுத ஆரம்பித்தோம். மாடி அறையில் ஒரு பழைய கணினி, கருகிய சால்டரிங் வாசனை, பக்கத்துக் கோடவுனிலிருந்து வரும் ஏலக்காய் வாசனை. கோடவுனில் பெண்கள் உட்கார்ந்து காய் பிரிப்பார்கள். அவர்கள் பேசும் ஊர்க்கதை எல்லாம் எங்கள் காதில் விழும். அண்ணன் ஏதோ கணக்கில் மூழ்கியிருப்பது போலத் தெரியும், திடீரென்று, "அந்தப் பொம்பள சொல்றது பொய்யி, அந்தக் கல்யாணம் பங்குனியில நடந்துச்சு" என்பார். ஒரே நேரத்தில் இரண்டு பக்கம் கேட்கிற காது அவருக்கு.

திட்டுவதற்கும் அவருக்கு நிகர் கிடையாது. நானும் சும்மா வாங்கிக்கொள்கிறவள் இல்லை. எங்கள் சண்டையைக் கேட்டு கோடவுன் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பார்கள். கீழேயிருந்து அம்மா, "ரெண்டும் மாடியவிட்டு எறங்குங்க, இல்ல வாய மூடுங்க" என்று சத்தம் போடுவாள். இப்போது நினைத்தால், என் வாழ்க்கையிலேயே நான் மிகச் சந்தோஷமாக இருந்த வருடங்கள் அவைதான் என்று தோன்றுகிறது. அப்போது அது சந்தோஷம் என்று தெரியாமல், வேலை கிடைக்கவில்லையே என்று அழுதுகொண்டிருந்தேன்.

போர்டுக்குள் என்ன நடக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. அதற்காக நாங்களே ஒரு டீபக்கர் எழுதிக்கொண்டோம். டீபக்கர் என்றால் பெரிய சமாசாரம் ஒன்றும் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்கும் இன்னொரு நிரல். விசிறி சுற்றியது, சூடு ஏறியது, கதவு திறந்தது என்று நடப்பதை எல்லாம் வரிசையாகக் குறித்து வைக்கும். போர்டில் இருக்கும் சிப்பில் இடம் மிகக் குறைவு என்பதால் கடைசியாக நடந்தவற்றை மட்டும்தான் வைத்துக்கொள்ள முடியும். அறுபத்து நான்கு இடம் போதும் என்று அண்ணன் முடிவு செய்தார். கடைசி இடம் நிரம்பியதும் முதல் இடத்துக்குத் திரும்பி, பழையதன் மேலேயே புதியதை எழுத வேண்டும். இப்படி வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

அடுத்து எந்த இடத்தில் எழுதுவது என்று கண்டுபிடிக்க, எல்லோரும் செய்வதுபோல அண்ணனும் வகுத்து மீதி எடுத்தார். கடைசியாக எழுதிய இடத்தின் எண்ணோடு ஒன்றைக் கூட்டி, அறுபத்து நான்கால் வகுத்து, மீதியை எடுத்துக்கொண்டால் அதுதான் இடம். நிரலில் இதற்கு % என்று ஒரே ஒரு குறி. பார்க்கச் சின்னக் குறிதான். ஆனால் நாங்கள் வாங்கியது ஏழைச் சிப்பு, அதற்கு வகுக்கத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் கழித்துக் கழித்துப் பார்த்து, தட்டுத்தடுமாறித்தான் மீதிக்கு வந்து சேரும்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. முந்நூற்று நாற்பத்தேழைப் பத்தால் வகுத்தால் மீதி என்ன என்று கேட்டால், யாரும் வகுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். கடைசி எண்ணைப் பார்த்து ஏழு என்று சொல்லிவிடுவார்கள். நமக்குப் பத்து எப்படியோ, கணினிக்கு இரண்டு அப்படி. இரண்டை இரண்டால் பெருக்கிப் பெருக்கி வருகிற எண்ணாக, எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு, அறுபத்து நான்கு என்று இருந்துவிட்டால், வகுக்கவே வேண்டாம். அதைவிட ஒன்று குறைந்த எண்ணை எடுத்துச் சல்லடைபோலப் பிடித்தால் கடைசிப் பகுதி மட்டும் தங்கும். அதுதான் மீதி. நிரலில் % இருந்த இடத்தில் & என்று போட்டு, அறுபத்து நான்கு இருந்த இடத்தில் அறுபத்து மூன்று வரவேண்டும். சிப்பு ஒரே தாவலில் செய்துவிடும்.

அண்ணனிடம் சொன்னேன். "படிக்கிறவனுக்குப் புரியாது, போ" என்றார். "இதப் படிக்கப் போறது நம்ம ரெண்டு பேருதானண்ணே" என்றேன். அன்று முழுக்க முறைத்துக்கொண்டே இருந்தார். சாயங்காலம் நான் கீழே இறங்கியதும் ரகசியமாக மாற்றி, ஓட்டிப் பார்த்திருக்கிறார். மறுநாள் காப்பி டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு, வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு, "பரவால்ல" என்றார். அந்த ஆளின் வாயிலிருந்து பரவாயில்லை என்று வருவது, மற்றவர்கள் மாலை போடுவதற்குச் சமம். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் ஒரு வருடம் ஓட்டினேன்.

பிறகு கல்யாணம், சென்னை, அங்கே ஒரு கம்பெனியில் வேலை. மலைக்குப் போர்டு மாட்டப் போவது, ரிப்பேர் பார்ப்பது எல்லாம் அண்ணன் தனியாகத்தான். வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்ற காலம் வந்தபோது, நான் முதல் ஆளாகக் குடும்பத்தோடு போடிக்கு வந்து சேர்ந்தேன். கம்பெனிச் சோலியை முடித்துவிட்டு மாலையில் பட்டறைக்குப் போய் உட்காருவேன். மறுபடி சண்டை போட ஆரம்பித்தோம். அம்மா இல்லாததால் சத்தம் போட ஆள் இல்லை, அந்த வேலையை மதினி எடுத்துக்கொண்டார். அது இரண்டு மழைக்காலம் நடந்தது. அதற்குப் பிறகு அண்ணன் ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் கீழே விழுந்தார்.

அவர் படுத்த பிறகு வீட்டில் எல்லோரும் எல்லோரிடமும் மென்மையாகப் பேச ஆரம்பித்தார்கள். எனக்கு அது எரிச்சலாக இருந்தது, ஆனால் நானும் அப்படித்தான் பேசினேன். பிறந்ததிலிருந்து அவரை "நீ" என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். இப்போது எனக்கே தெரியாமல் "நீங்க" வந்து ஒட்டிக்கொண்டது. "சாப்பிடுங்கண்ணே", "மெதுவா நடங்கண்ணே". அவர் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்.

இந்த மழைக்காலம் முடிந்து அறுவடை சூடுபிடித்த நேரத்தில், குரங்கணிக்கு மேலே ஸ்டோர் வைத்திருப்பவர் போன் செய்தார். எங்கள் முதல் போர்டை வாங்கியவர் அவர். அண்ணனை "மாப்ளே" என்று கூப்பிடுவார், நான் அவரை மாமா என்பேன். "ஆத்தா, போர்டு சும்மா சும்மா சங்கு ஊதுது. விசிறி நல்லாத்தான் ஓடுது, நின்னுபோச்சுன்னு ஊதி, அடுப்புக் காத்த அடைச்சிருது. உள்ள காய் கெடக்கு. வெரசா வந்து பாருங்க" என்றார்.

விசிறி நின்றால் அபாயச் சங்கு ஊதி அடுப்பை அடைக்கும்படி நாங்கள்தான் போர்டை அமைத்திருந்தோம். இப்போது விசிறிக்கு அவர் புதிதாக ஒரு சென்சார் மாட்டியிருந்தார். பழையதைவிட அது பல மடங்கு வேகமாகத் தகவல் அனுப்பும். போர்டில் டீபக்கருக்கு இருக்கும் ஸ்விட்சைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். போட்டதும் சங்கு இன்னும் அதிகமாக ஊதியது. அப்போதே புரிந்துவிட்டது. ஒவ்வொரு தகவலையும் குறித்து வைக்க டீபக்கர் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் அடுத்த தகவல் தவறிப்போகிறது. நோய் பார்க்க வந்த வைத்தியரே நோயாளியின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்த கதை. டீபக்கரின் பளுவைக் குறைத்தால்தான் உண்மையான கோளாறைப் பார்க்கவே முடியும்.

அண்ணனின் மடிக்கணினியைத் திறந்து, அந்த இடத்தைத் தேடிப் போனேன். என் & அங்கே இல்லை. % இருந்தது.

முதலில் எனக்கு வந்தது கோபம்தான். என் வரியை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மாற்றியிருக்கிறார். பரவாயில்லை என்று சொல்லிவிட்டு, நான் சென்னைக்குப் போனதும் தன் பழைய பாட்டுக்கே திரும்பிவிட்டார் என்று நினைத்தேன். கோபம் தணிந்ததும் பயம் வந்தது. அண்ணன் ஒரு பைட்டைக்கூட வீணாக்காத ஆள். ஏழைச் சிப்பை வகுக்கச் சொல்லி வதைப்பவர் இல்லை. தெரிந்தே இதைச் செய்திருக்க மாட்டார். அப்படியானால் எப்போது செய்தார்? புது மடிக்கணினிக்கு எல்லாவற்றையும் மாற்றியபோது எல்லா ஃபைல்களுக்கும் ஒரே தேதி விழுந்திருந்தது. எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை. கீழே விழுவதற்குப் பல மாதம் முன்பே உள்ளே ஏதோ நழுவ ஆரம்பித்துவிட்டதோ? நான் எதிரிலேயே உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தும் கவனிக்கவில்லையோ?  அவருடைய மூளை ஸ்கேன் படத்தில் வெள்ளையாகத் தெரிந்த அந்த இடத்தைவிட இந்தக் குறி என்னை அதிகமாகக் கலங்கவைத்தது.

மதினியிடம் சொல்லவில்லை. % குறியை அழித்து, மறுபடி & போட்டேன். எத்தனை இடம் என்ற அளவு வேறொரு ஃபைலில் ஒரு பெயருக்கு எதிரே இருந்தது. அந்தப் பெயரை எழுதி, அதிலிருந்து ஒன்றைக் கழித்தேன். அறுபத்து நான்கில் ஒன்று போனால் அறுபத்து மூன்று. அவ்வளவுதான் வேலை. மேசையில் வைத்து ஓட்டிப் பார்க்க உதிரி போர்டு கையில் இல்லை, எல்லாம் மலைமேல் இருந்தன. ஒரு குறிதானே என்று கிளம்பினேன்.

மறுநாள் காலையில் மாமா ஜீப்போடு வந்து நின்றார். நான் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தால், அண்ணன் வாசலில் உட்கார்ந்து இடது கையால் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கிறார்.

"போவம்" என்றார்.

"அந்த மேடு பள்ளத்துல இவர எங்க கூட்டிட்டுப் போறது?" என்றார் மதினி. "ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?"

"நான் தொட்டில்ல வச்ச மாதிரி கொண்டுபோயிக் கொண்டாறேன்மா" என்றார் மாமா. மதினி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அதற்குள் அண்ணன் ஜீப்பின் கைப்பிடியைப் பிடித்துவிட்டார். மதினி தண்ணீர்ப் பாட்டிலும் மாத்திரை டப்பாவும் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

முந்தல் தாண்டி வலப்புறம் திரும்பியதும் காற்று மாறியது. மாந்தோப்புகளும் இலவ மரங்களும் பின்னால் போயின. முன்பெல்லாம் இந்த வழியில் வரும்போது அண்ணன் வாய் ஓயாது. எந்த வளைவில் எந்த ஜீப்பு கவிழ்ந்தது, எந்தத் தோட்டத்துக்காரர் எந்தத் தோட்டத்துக்காரரோடு பேச மாட்டார், எல்லாம் வரும். கடைசியில் எனக்கே, எப்போது குரங்கணி வரும், இவர் வாயை மூடுவார் என்று இருக்கும். இப்போது முன்சீட்டில் பேசாமல் இருந்தார். அந்தப் பேச்சு கேட்காதா என்று எனக்கு ஏக்கமாக இருந்தது. கண்ணில் படுவதை எல்லாம் எண்ணச் சொல்லுங்கள் என்று பயிற்சி கொடுக்கும் பெண் சொன்னது ஞாபகம் வந்து, ரோட்டோரம் மேய்ந்த ஆடுகளைக் காட்டினேன்.

"அங்க எத்தனை ஆடு நிக்குது, சொல்லுங்கண்ணே."

ஐந்து ஆடுகள். அவர் பார்த்தார். "ரெண்டு" என்றார்.

"இன்னொரு தடவ பாருங்க."

அவர் பார்க்கவில்லை. மலையைப் பார்த்துக்கொண்டார். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு கியரை மாற்றினார்.

குரங்கணிக்கு மேலே ஜீப்புப் பாதையில் ஏறி ஸ்டோருக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் நன்றாக வந்திருந்தது. உள்ளே காய் உலர்ந்துகொண்டிருக்கும் அந்த வாசனை முகத்தில் அடித்தது. அண்ணன் வாசலிலேயே நின்று கண்ணை மூடிக்கொண்டு அதை இழுத்தார். பத்து மாதமாக அவர் இதை நுகரவில்லை. மாமா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போர்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் போட்டு அவரை உட்கார வைத்தார். நான் மடிக்கணினியை ஒரு காலித் தட்டின் மேல் வைத்து, போர்டுக்குப் புது நிரலை ஏற்றினேன்.

சங்கு ஊதுவது குறைந்தது. நினைத்தது சரி என்று உள்ளுக்குள் ஒரு பெருமை. ஆனால் டீபக்கரில் குறித்து வைத்ததைத் திறந்து பார்த்தால், கடைசியாக நடந்த அறுபத்து நான்கு சங்கதி இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றே ஒன்று இருந்தது. விசிறி ஒரு சுற்று சுற்றியது என்று ஒரு வரி. மறுபடி திறந்தேன். மறுபடி ஒரு வரி. நேரம் மட்டும் மாறியிருந்தது. சங்கு ஏன் ஊதுகிறது என்று தெரிய வேண்டுமானால், ஊதுவதற்கு முன்னால் என்னென்ன நடந்தது என்று தெரிய வேண்டும். இதுவோ கடைசியாக நடந்ததைத் தவிர எல்லாவற்றையும் மறந்துவிடுகிறது.

வயரைப் பிடுங்கி மாட்டினேன். போர்டை நிறுத்தி ஓட்டினேன். நினைவகம் கெட்டுவிட்டதோ என்று பார்த்தேன். மாமா கதவருகே நின்று தட்டுகளைப் பார்ப்பதும் என் முகத்தைப் பார்ப்பதுமாக இருந்தார். "காய எறக்கிரவா ஆத்தா?" என்று கேட்டார். "செத்த இருங்க மாமா" என்றேன். 

அப்போது அண்ணன் சிரித்தார். திரும்பிப் பார்த்தேன். என் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வலது பக்க உதடு இன்னும் சரியாக ஏறாததால் சிரிப்பு ஒரு பக்கமாகத்தான் வந்தது.

"அறுபத்தஞ்சு" என்றார்.

இடங்களின் கணக்கைத்தான் சொல்கிறார் என்று புரிந்தது. அதுவே பெரிய விஷயம்தான், எண்தான் தவறி வருகிறது என்று நினைத்தேன். பயிற்சி கொடுக்கும் பெண்ணின் குரல் எனக்கும் வந்துவிட்டது. "அறுபத்தி நாலுண்ணே" என்றேன் மெதுவாக.

"அஞ்சு."

"நாலு. எங்க, சொல்லுங்க பாப்போம். அறுபத்தி..."

அவர் இடது கையால் தட்டை ஓங்கி அடித்தார். மடிக்கணினி குதித்தது. "மொதல்ல... ஃபைலப் பாரு... கழுத" என்றார்.

அளவு எழுதியிருந்த அந்த இன்னொரு ஃபைலைத் திறந்தேன். இடங்களின் அளவு என்று எழுதி, அதற்கு எதிரே அறுபத்தைந்து என்று இருந்தது.

அறுபத்தைந்தில் ஒன்று போனால் அறுபத்து நான்கு. அந்த எண்ணைச் சல்லடையாகப் பிடித்தால், பூஜ்யத்தோடு ஒன்றைக் கூட்டியதும் அந்த ஒன்றை அது அழித்துவிடும். மறுபடி பூஜ்யம். எத்தனை தடவை கூட்டினாலும் பூஜ்யம்தான். எல்லாச் சங்கதியும் முதல் இடத்திலேயே ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து அழிந்துகொண்டிருந்தன. அறுபத்தைந்து என்று வைத்தவன் வகுத்துத்தான் ஆக வேண்டும், % போட்டுத்தான் ஆக வேண்டும். அண்ணன் தெரிந்தேதான் மாற்றியிருக்கிறார்.

"எதுக்குண்ணே அறுபத்தஞ்சு?" என்று கேட்டேன். 

அவர் இடது கையை நீட்டி மாமாவைக் காட்டினார்.

மாமா நெளிந்தார். "அதா? அது நாஞ் சொன்னதுதான் ஆத்தா. மொத வருசம் இந்த மிஷினு நின்னு நின்னு போச்சு. நாங்க தட்டு ஏத்துறப்பகூட ஒத்தப்படையாத்தான் ஏத்துவோம். ரெட்டப்படையில ஏத்துனா அத்தோட நின்னுபோகும்னு எங்கப்பாரு சொல்லுவாரு. மாப்ளேட்ட, உங்க மிஷினுக்குள்ள என்ன கணக்கு ஓடுதுன்னு கேட்டேன். அறுபத்தி நாலுன்னாரு. அதான் நிக்கிது, ஒண்ணு கூட்டிப் போடுங்கன்னேன். சிரியா சிரிச்சாரு. நாலு பேருகிட்ட சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. பெறகு இங்கனயே ஒக்காந்து போட்டுக் குடுத்துட்டுத்தான் எறங்குனாரு. அதுக்குப் பெறகு நிக்கவே இல்லல்ல?"

அந்த வருடம் போர்டு நின்றதற்குக் காரணம் ஈரத்தில் பூத்துப்போன ஒரு வயர். அதை மாற்றிவிட்டு வந்த கதையை அண்ணன் எனக்கு அப்போதே போனில் சொல்லியிருந்தார். ஒன்று கூட்டிய கதையைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் விட்டிருக்க மாட்டேன், கிழி கிழி என்று கிழித்திருப்பேன். சாமியே கும்பிடாத மனுஷன் ஒற்றைப்படை பார்த்தார் என்று ஊரெல்லாம் சொல்லியிருப்பேன். மாமாவுக்கு நிரலைப் படிக்கவா தெரியும்? போட்டுவிட்டேன் என்று ஒரு பொய் சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். அவர் சொன்னபடியே கூட்டி, அதற்காக என் வரியையும் மாற்றி, அந்தப் பளுவையும் வாயைத் திறக்காமல் சுமந்திருக்கிறார். அந்த % குறியைப் பார்த்து நான் நோய் என்று நினைத்தேன்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை. மாமா பதறிப்போய், காய் கெட்டுப்போனதற்காக அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, "போனாப் போகுது ஆத்தா, ஒரு அடுப்புக் காய்தான" என்றார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி திரையைப் பார்த்தேன். இப்போது வேறு சிக்கல். அறுபத்து நான்கு என்று மாற்றினால் வகுக்காமல் ஓடும், ஆனால் இரட்டைப்படை. அறுபத்தைந்தை விட்டால் வகுக்க வேண்டும், சங்கு ஊதும். மாமா பின்னாலேயே நின்றுகொண்டு, "ஒத்தப்படைய மட்டும் கொறைச்சிராதீங்க" என்றார். அண்ணன் செய்யாததை நான் செய்து, மாமாவிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எனக்கு நிஜமாகவே வழி தெரியவில்லை.

"இப்ப என்னண்ணே பண்றது? நீயே சொல்லு" என்றேன்.

அவர் கண்களைச் சுருக்கித் திரையைப் பார்த்தார். மாடி அறையில் பார்ப்பாரே, அதே மாதிரி. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பத்து மாதமாக நாங்கள் அவரிடம் கேட்டதெல்லாம் எங்களுக்கு விடை தெரிந்த கேள்விகள். விரல் எத்தனை, ஆடு எத்தனை, மணி என்ன. விடை தெரியாமல் ஒரு ஆள்கூட அவரிடம் எதையும் கேட்கவில்லை.

"எடம்... அறுபத்தஞ்சு" என்றார். மூச்சு வாங்கியது. விரலைக் காற்றில் வட்டமாகச் சுழற்றினார். "சுத்து... அறுபத்தி நாலு."

அறுபத்தைந்து இடம் ஒதுக்கிவைத்துவிட்டு, அறுபத்து நான்கில் மட்டும் சுற்றுவது. வகுக்கவும் வேண்டாம், மாமாவிடம் பொய் சொல்லவும் வேண்டாம். எனக்குத் தோன்றவே இல்லை.

"கடைசி எடம் வீணா கெடக்குமேண்ணே" என்றேன்.

"கெடக்கட்டும்" என்றார். "அடி."

நான் அடித்தேன்.